முனைவர் பட்ட விண்ணப்ப முடிவுகள்: காத்திருப்போர் கேள்விகளும் பதில்களும்

வரலாறு, இலக்கியம், மெய்யியல், சமய ஆய்வு முதலிய மானுடப்புலத் துறைகளில் முனைவர் பட்டத்துக்கு வெளிநாடுகளில் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் பணியாற்றியபோது நான்கு முறை சேர்க்கைக் குழுவில் அமர்ந்தவன் என்பதால், அந்நாட்டைப் பற்றி விரிவாகவும் பிற நாடுகளைப் பற்றித் தெரிந்த அளவிலும் சொல்வேன். உங்களில் எவருடைய விண்ணப்பத்தையும் நான் பார்த்ததில்லை. ஆகவே "எனக்குக் கிடைக்குமா" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை.

கேள்வி (ஒப்பிலக்கியம்): ஐயா, டிசம்பர் 15 அன்று விண்ணப்பித்தேன். பிப்ரவரி பாதி கடந்தும் ஒரு தகவலும் இல்லை. உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு நாள் ஆகிறது. கடைசித் தேதி முடிந்த சில நாட்களில் பல்கலைக்கழகம் குளிர்கால விடுமுறைக்கு மூடிவிடும். ஜனவரியில் திறந்ததும், வராத பரிந்துரைக் கடிதங்களைத் துறை அலுவலகம் துரத்திப் பிடித்துக் கோப்புகளை முழுமையாக்கும். பிறகுதான் அவை மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழுவிடம் வரும். அவர்கள் அந்தப் பருவத்துக்கான வகுப்புகளையும் எடுத்துக்கொண்டு, இரவிலும் வார இறுதியிலும் இவற்றைப் படிப்பவர்கள்.

முதல் சுற்றில், எதை ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும் வாசிக்கப்படும். எழுத்து மாதிரியாக நீங்கள் இணைக்கும் இருபது பக்கக் கட்டுரை முழுமையாக வாசிக்கப்படுவது பெரும்பாலும் குறும்பட்டியலுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே. அதன் பின் நடக்கும் கூட்டத்தில் தகுதியைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும், ஏனென்றால் எஞ்சியிருப்பவர்கள் எல்லோருமே தகுதியானவர்கள். மீதி நேரமெல்லாம், இந்த ஆய்வுக்கு நெறியாளராக இருக்கக்கூடியவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறாரே, சென்ற ஆண்டு அவரிடம் இரண்டு பேர் சேர்ந்தார்களே, இந்த மொழியைக் கற்பிக்க இங்கே ஆள் இருக்கிறதா என்பன போன்ற பேச்சிலேயே போகும். ஒருமுறை நான் முதலிடம் கொடுத்திருந்த ஒரு கோப்பு, அந்தத் துறையில் வழிகாட்ட இருந்த ஒரே ஆசிரியர் இரண்டாண்டு விடுப்பில் செல்வதாக அறிவித்த மறுநிமிடம், மேசையின் மறுபுறத்துக்கு நகர்ந்தது. அந்த விண்ணப்பதாரர் தம் எழுத்தில் என்ன குறை என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல் துறையைவிட்டு நேராக உங்களிடம் வராது. பல்கலைக்கழக அளவில் நிதியை ஒப்புக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஜனவரி இறுதியில் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை முடிவுகள் வருவது இயல்பானது.

கேள்வி (கலை வரலாறு): நான் விண்ணப்பித்த துறையில் ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. நிராகரிப்பு என்றே கொள்ளலாமா?

பதில்: முதல் சுற்று அழைப்புகளில் நீங்கள் இல்லை என்று கொள்ளலாம், அதற்கு மேல் எதையும் கொள்ள முடியாது. தேர்வானவர்களைத் துறையே உடனடியாக அழைக்கும். நிராகரிப்புக் கடிதங்களையோ பல்கலைக்கழக அலுவலகம் மொத்தமாக, வாரக்கணக்கில் தாமதித்து அனுப்பும். இரண்டுக்கும் நடுவே, காத்திருப்புப் பட்டியல் என்று பெயர் சூட்டாமலே சிலரைப் பதில் சொல்லாமல் வைத்திருக்கும் துறைகளும் உண்டு. இது நல்ல வழக்கம் என்று நான் சொல்லவில்லை.

கேள்வி (மெய்யியல்): விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் போர்ட்டலில் "பரிசீலனையில்" என்று இருந்த சொல் நேற்றிரவு "முடிவு நிலுவையில்" என்று மாறிவிட்டது. இதற்கு என்ன பொருள்?

பதில்: பொருள் ஏதும் இல்லை. அந்தச் சொற்களை மென்பொருள் மாற்றுகிறது. குழுவில் இருந்தவரையில் உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்பதே எனக்குத் தெரியாது.

கேள்வி (மொழியியல்): நிலவரம் என்னவென்று துறைக்கு மின்னஞ்சல் எழுதலாமா?

பதில்: மார்ச் முதல் வாரம் வரை வேண்டாம். அதன் பின் ஒரே ஒருமுறை எழுதலாம். அதையும் பேராசிரியருக்கு எழுதாமல் சேர்க்கையைக் கவனிக்கும் துறை அலுவலருக்கு எழுதுங்கள். மூன்று வரி போதும்: பெயர், விண்ணப்ப எண், முடிவு எப்போது எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி. வேறிடத்திலிருந்து அழைப்பு வந்து, பதில் சொல்ல வேண்டிய தேதியும் நெருங்கிவிட்டால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. உடனே எழுதுங்கள், தேதியைக் குறிப்பிடுங்கள். அந்த ஒரு தகவல் குழுவுக்கு உண்மையிலேயே பயன்படும்.

கேள்வி (கணினி அறிவியல்): எங்கள் துறைக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. உங்கள் பக்கத்தில் ஆய்வகத் தலைவரின் நிதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அத்துறையினரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஆங்கில இலக்கியம்): பேராசிரியர் ஒருவர் காணொளி அழைப்பில் பேசி, "செப்டம்பரில் உங்களை இங்கே எதிர்பார்க்கிறோம்" என்றார். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறலாமா?

பதில்: கூடாது. எழுத்தில் வரும்வரை எதுவும் வரவில்லை. அவர் மனமாரச் சொல்லியிருப்பார், ஆனால் நிதியைக் கொடுப்பவர் அவர் அல்லர். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில், அடுத்த கல்வியாண்டுக்கு மானுடப்புலத்திலும் சமூக அறிவியலிலும் பல துறைகளில் புதிய முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகமும் தன் கலை மற்றும் மானுடப்புலத் துறைகள் பலவற்றில் 2026-27 சேர்க்கையை நிறுத்தியது அல்லது குறைத்தது. இவை மாணவர் தகுதியோடு தொடர்பில்லாத, துறைக்கு மேலே எடுக்கப்பட்ட முடிவுகள். கடிதத்தில் உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு உண்டா, எந்த ஆண்டில் எத்தனை வகுப்புகளுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடைக்காலத்துக்குப் பணம் உண்டா என்பதைப் பலரும் கேட்க மறந்து, முதல் ஜூன் மாதத்தில் திண்டாடுகிறார்கள்.

கேள்வி (வரலாறு): ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இடம் தருவதாகக் கடிதம் வந்துவிட்டது. உதவித்தொகை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பதில்: பிரிட்டனில் இடமும் பணமும் தனித்தனியாக முடிவாகின்றன. அமெரிக்க மானுடப்புலத் துறைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே கடிதத்தில் வருவதால் இது உங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறது. டிசம்பர் அல்லது ஜனவரியில் உங்கள் பாடத்துக்கு உரிய கடைசித் தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால், ஆக்ஸ்ஃபோர்டே வழங்கும் கிளாரண்டன் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பமின்றியே உங்கள் பெயர் பரிசீலிக்கப்படும். ஆகவே இன்னும் காத்திருங்கள். கடன் வாங்கிச் சேர்ந்துவிட்டு, போன பிறகு பணம் தேடிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மானுடப்புலத்தில் முனைவர் பட்டம் முடித்தவருக்கு அந்தக் கடனை அடைக்கும் சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

கேள்வி (இந்தியவியல்): ஜெர்மனியில் முடிவுகள் எப்போது வெளியாகும்?

பதில்: அங்கே பெரும்பாலும் அப்படியொரு தேதியே கிடையாது. நெறியாளராக இருக்க ஒரு பேராசிரியர் ஒப்புக்கொள்வதுதான் தொடக்கம். ஆண்டின் எந்த மாதத்திலும் அது நடக்கலாம். முனைவர் பட்ட மாணவர்களைக் குழுவாகச் சேர்க்கும் ஆய்வுப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்திருந்தால் மட்டுமே கடைசித் தேதி, நேர்காணல் என்ற வரிசை இருக்கும்.

கேள்வி (தொல்லியல்): போர்ட்டலில் என் விண்ணப்பத்துக்கு எதிரே புதிதாக ஒரு பச்சைக் குறி...

பதில்: மெய்யியல் மாணவருக்குச் சொன்ன பதிலைப் பார்க்கவும்.

கேள்வி (சமய ஆய்வு): ஐயா, அமெரிக்காவில் மூன்று இடங்களிலிருந்து முழு உதவித்தொகையுடன் அழைப்பு வந்திருக்கிறது. ஏப்ரல் 15 வரை மூன்றையும் கையில் வைத்திருக்கலாமா?

பதில்: உரிமை உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகை அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. இது சட்டமல்ல, பல்கலைக்கழகங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. ஆயினும், போகப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஓர் ஆண்டு ஏப்ரல் 15 அன்று பிற்பகல் நான்கு மணிக்கு எங்கள் முதல் தேர்வு மாணவர் "வரவில்லை" என்று எழுதினார். காத்திருப்புப் பட்டியலின் முதல் பெயருக்கு உடனே தொலைபேசினேன். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் வேறோர் இடத்தை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பியதாகச் சொன்னார். எங்கள் துறைக்கு வரவேண்டும் என்பதற்காகவே அதுவரை அந்தக் கையெழுத்தைத் தள்ளி வைத்திருந்தாராம்.

மறுப்பு (மெய்யியல்): இதை நான் ஏற்கவில்லை. மூன்று மாதம் எங்களை மௌனத்தில் வைத்திருப்பது துறைகள். அவசரப்பட வேண்டியவர்கள் மட்டும் நாங்களா? மேலும், ஆறு பேர் வேண்டும் என்றால் பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பும் துறைகள் இருக்கின்றன. அங்கே நான்கு பேர் மறுத்தாலும் ஓர் இடம்கூடத் திறக்காது.

பதில்: இரண்டாவது வாதம் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் நிதி இறுகிய துறை பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பத் துணியாது, பத்துப் பேரும் வந்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது? அத்தகைய துறைகள் ஓர் இடத்துக்கு ஓர் அழைப்பு என்று அனுப்பிவிட்டு, ஒருவர் மறுத்தால்தான் அடுத்தவரை அழைக்கும். உங்களை அழைத்த துறை எந்த வகை என்பது வெளியிலிருந்து தெரியாதே. முதல் வாதத்தைப் பொறுத்தவரை, துறைகளின் மௌனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நீங்கள் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதால் துறைக்கு ஒரு நட்டமும் இல்லை. அடிபடுபவர் உங்களைப் போலவே போர்ட்டலைத் திறந்து திறந்து பார்க்கும் இன்னொரு மாணவர்.

குறுக்கீடு (ஒப்பிலக்கியம்): நான் இன்று காலை காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகக் கடிதம் பெற்றேன். மூன்றை வைத்திருப்பவர் எந்தப் பல்கலைக்கழகங்கள் என்று சொல்வாரா?

விளக்கம் (சமய ஆய்வு): பெயர்களைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பேராசையால் வைத்திருக்கவில்லை. மார்ச் இறுதியில்தான் துறையினரையும் மூத்த மாணவர்களையும் இணையவழியில் சந்திக்கும் நாள் வைத்திருக்கிறார்கள். பார்க்காமல் எப்படி ஐந்தாறு ஆண்டுகளை ஒப்படைப்பது?

பதில்: அது நியாயமான காரணம், சந்திப்புக்குப் பிறகே முடிவெடுங்கள். மூத்த மாணவர்களிடம் ஆசிரியர்கள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். நெறியாளர் அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தர எத்தனை வாரம் எடுக்கிறார் என்று கேளுங்கள். ஆனால் மூன்றும் உங்கள் மனத்தில் சம எடையில் இருக்கின்றனவா என்பதை நீங்களே சொல்லுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு: இன்றே துறைக்கு எழுதி, இடம் திறந்தால் நிச்சயம் வருவேன் என்பது உண்மையானால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு பெயர்கள் சமமாக நிற்கும்போது, உறுதியாக வருபவரைத்தான் நாங்கள் முதலில் அழைத்தோம்.

விளக்கம் (சமய ஆய்வு): சமமாக இல்லை. மூன்றாவதை இப்போதே விட்டுவிடுகிறேன்.

மறுப்பு (மெய்யியல்): அவர் விட்டதில் தவறில்லை. ஆனால் அதைக் கடமை என்று சொல்வதை இன்னும் மறுக்கிறேன்.

பதில்: மறுங்கள். நான் தொலைபேசியில் கேட்ட அந்த மௌனத்தை நீங்கள் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பீர்கள் என்பது என் எண்ணம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

கேள்வி (வரலாறு): எட்டு இடங்களில் ஏழு நிராகரித்துவிட்டன. அடுத்த ஆண்டு அதே துறைகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம், அதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. ஆனால் அதே எழுத்து மாதிரியை அனுப்பாதீர்கள். எட்டாவது இடத்தின் முடிவு வரும்வரை ஒன்றையும் திருத்தத் தொடங்க வேண்டாம். இந்த மனநிலையில் நல்ல பகுதிகளைத்தான் முதலில் வெட்டுவீர்கள்.

கேள்வி (நாடகவியல்): ஒரு பேராசிரியர் என் மின்னஞ்சலுக்கு "மகிழ்ச்சி, விரைவில் பேசுவோம்" என்று பதில் எழுதியிருக்கிறார். இது கிடைத்துவிட்டதற்கான அறிகுறியா?

பதில்: எழுத்தில் வரும்வரை எதுவும் வரவில்லை. அவர் எழுதியது எழுத்துதானே என்று கேட்காதீர்கள்.

கேள்வி (கலை வரலாறு): இன்று காலை போர்ட்டலில் நுழையவே முடியவில்லை. முடிவை ஏற்றிக்கொண்டிருக்கிறார்களோ?

பதில்: கடவுச்சொல்லைச் சரிபாருங்கள்.