வராத சலான்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025 மே மாதம் அமெரிக்காவில் 1,39,000 வேலைகள் கூடின என்றார்கள். அப்புறம் 1,44,000 ஆனது. ஆகஸ்ட் 1 அன்று, வெறும் 19,000 என்றார்கள். ஜூன் கணக்கும் 1,47,000-லிருந்து 14,000-க்கு இறங்கியது. அன்றே டிரம்ப் தொழிலாளர் புள்ளியியல் துறைத் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரை நீக்கிவிட்டார். கணக்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்கிறார்கள் பயிற்சி மைய நண்பர்கள். பி.எஃப்.பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று நம் ஊரில் மாதாமாதம் சொல்லும் எண்ணும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. முதலிலேயே சரியாக எண்ண முடியாதா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

முடியாது. அங்கே யாரும் தலை எண்ணுவதில்லை, கேட்கிறார்கள். சுமார் 1,21,000 நிறுவனங்களையும் அரசு அலுவலகங்களையும் மாதாமாதம் கேட்டு, பெரும்பாலும் அடுத்த மாத முதல் வெள்ளியன்று எண்ணை வெளியிடுகிறார்கள். அதற்குள் எல்லாரும் பதில் தந்திருக்க மாட்டார்கள். மிச்சம் வர வர, அடுத்த இரண்டு மாதமும் திருத்துகிறார்கள். தலைவர் தன் கையால் எழுதிப்போடும் எண் அல்ல அது.

தாமதமாவது பரவாயில்லை, பதிலே வராததுதான் தலைவலி. நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் பெரிய ஷூ கம்பெனிக்கு அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று. கணக்கு எழுதுபவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். போன் அடித்தால் எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அலைகிறாரா, ஆர்டர் நின்று ஷட்டரே இறங்கிவிட்டதா? அடிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதே வாரம் பேரணாம்பட்டில் முப்பது பெண்களோடு புது யூனிட் தொடங்கியிருக்கலாம். அதன் பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். இப்படி மூடியதும் திறந்ததும் ஏறக்குறைய நேர் செய்துகொள்ளும் என்று வைத்துக்கொண்டு, மிஞ்சும் வித்தியாசத்தைப் பழைய போக்கைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். வியாபாரம் ஒரே சீராகப் போகும்வரை இது ஓடும். திசை மாறும் சமயத்தில்தான் காலை வாரும்.

அதனால் வருடம் ஒருமுறை, வேலையின்மைக் காப்பீட்டுக்காக கம்பெனிகள் தாக்கல் செய்யும் வரிக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லா வேலையும் அதில் அடக்கம், ஆனால் மாதக்கணக்கில் பிந்தி வரும். 2024 மார்ச் எண்ணிக்கை 8,18,000 கூடுதலாக இருந்துவிட்டது என்று அந்த ஆகஸ்டில் சொன்னார்கள். கடைசியில் அந்தக் குறைப்பே சுமார் 6 லட்சமாகச் சுருங்கியது. (திருத்தத்துக்கும் திருத்தம்!) அந்த 8,18,000-ஐச் சொன்னபோது அதிபராக இருந்தவர் பைடன். இதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

பி.எஃப். கதை வேறு. அது மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல, கம்பெனிகள் தாக்கல் செய்வதன் தொகுப்பு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சலான் கட்ட வேண்டும். இழுத்தடிப்பவர்கள் உண்டு. வேலையை விட்டவருக்கு விலகிய தேதி போட மறப்பவர்கள் இன்னும் அதிகம். நானே ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியை விட்டு ஏழு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தத் தேதியைப் போட்டார்கள். அதுவரை ஏட்டில் நான் அங்கேதான் இருந்தேன், வீட்டில் சும்மா உட்கார்ந்தபடி. என்னைப் போன்றவர்களைப் பிற்பாடு கழித்தால் பழைய மாதத்து எண் மாறத்தானே செய்யும்? தற்காலிகக் கணக்கு என்று அவர்களே குறிப்பிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, திருத்தத்தை மூலையில் நாலு வரியில் முடிக்கிற பத்திரிகைகள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, தேர்வில் 2025 மே மாத எண் வந்தால், எந்த மாதம் வெளியானது என்று கேள்வியில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய மூன்றுமே சரியான விடைதான்.