வலென்சியாவுக்கு ஏன் போக வேண்டும்? கேள்வி பதில்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள வலென்சியாவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இங்கே வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, மே மாதம் ஸ்பெயின் வருகிறோம். மாட்ரிட், பார்சிலோனா முடிவாகிவிட்டது. நடுவில் இரண்டு நாள் கையில் இருக்கிறது. வெயிலும் கடற்கரையும் தவிர வலென்சியாவில் என்ன இருக்கிறது?

பதில்: வெயிலும் கடற்கரையும் மட்டும் போதும் என்றால் ஸ்பெயினின் மத்தியதரைக் கரை முழுக்கவே கிடைக்கும். வலென்சியாவுக்கு வாருங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், தண்ணீர் ஓடாத ஓர் ஆறு.

டூரியா ஆறு பழைய நகரத்தை ஒட்டி வளைந்து ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. 1957 அக்டோபர் 14 அன்று பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்துவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு அரசு ஊருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டது. காய்ந்து கிடந்த பழைய படுகையில் நெடுஞ்சாலை போடுவதாகத் திட்டம். ஊர்க்காரர்கள் விடவில்லை. "ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பச்சையாக இருக்க வேண்டும்" என்பதுதான் 1970களில் அவர்கள் எழுப்பிய முழக்கம். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1986 முதல் பகுதி பகுதியாகப் பூங்கா திறக்கப்பட்டது. இன்றைக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளம்.

திரினிதாத் பாலத்துக்குக் கீழே போய் நின்று பாருங்கள். 1402-இல் கட்டிய கல் பாலம். வெள்ளத்தை இரண்டாகப் பிளப்பதற்காகத் தூண்களின் முன்பக்கத்தைக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கூர்முனையை ஒட்டி இப்போது புல்தரை; பக்கத்தில் சைக்கிள் பாதை; பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். தலைக்கு மேலே பேருந்து போகும் சத்தம் கேட்கும். ஒரு வாடகை சைக்கிள் எடுத்தால் அரை நாளில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ஒரு சிக்னலில்கூட நிற்காமல், மர நிழலிலேயே போய்விடலாம். இரண்டு நாளில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (அதே வேளச்சேரி வாசகர்): 2024-இல் அங்கே பெரிய வெள்ளம் என்று செய்தியில் பார்த்தோமே. இப்போது வருவது சரியா?

பதில்: சரிதான், தயங்காமல் வாருங்கள். ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. 2024 அக்டோபர் 29 அன்று மேற்கே மலைப்பகுதியில் கொட்டிய மழை, போயோ என்ற காட்டாற்றின் வழியே இறங்கி, நகரத்துக்குத் தெற்கே உள்ள பைபோர்த்தா, கத்தர்ரோகா போன்ற ஊர்களை மூழ்கடித்தது. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கைப்பேசியில் எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஆள் உயரம். அந்தக் கோபம் இங்கே இன்னும் ஆறவில்லை.

நகர மையத்தில் வெள்ளம் புகவில்லை. முந்தைய பதிலில் சொன்ன அந்தப் புதிய கால்வாய்தான் காத்தது. கால்வாய்க்குத் தெற்கே இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பமும் மண்வாரியும் ஏந்தி, கால்வாயைக் கடக்கும் நடைபாலம் வழியாக அந்த ஊர்களுக்கு நடந்தே போய்ச் சேறு அள்ளினார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வருபவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தக் கரையில் வருடம் முழுக்க மழை குறைவு. பெய்தால் இலையுதிர் காலத்தில் ஒரேயடியாகப் பெய்யும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் அன்றைய திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அறையிலேயே இருங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வணக்கம் அம்மா. நான் நெல் விவசாயம் செய்பவன். மகன் ஜெர்மனியில் இருக்கிறான், ஸ்பெயினுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். அங்கேயும் நெல் விளைகிறதாமே. எனக்குப் பார்க்க ஏதாவது உண்டா?

பதில்: வணக்கம் ஐயா. இந்த ஊரை உங்களைப் போன்றவர் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே அல்புஃபேரா என்ற நன்னீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பைன் மரங்கள் வளர்ந்த மணல்திட்டு ஒன்றுதான் தடுப்பு. கடலுக்குப் போகும் வாய்க்கால்களில் மதகு வைத்து ஏரியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். நாற்று நடுவதில்லை, மே மாதம் தண்ணீர் கட்டி நேரடியாக விதைக்கிறார்கள். செப்டம்பரில் அறுப்பு. பிறகு குளிர்காலத்தில் மறுபடி தண்ணீரைக் கட்டி வைப்பதால் வயலெல்லாம் ஏரியாகிவிடும், பறவைகள் வந்து இறங்கும். அறுப்பு முடிந்ததும் வைக்கோலை எரிப்பதா வேண்டாமா என்று இங்கேயும் வருடா வருடம் சண்டைதான். போம்பா, செனியா என்பவை இங்கே பேர்போன ரகங்கள், இரண்டும் குட்டையான குண்டு அரிசி. எல் பல்மார் என்ற கிராமம்வரை நகரப் பேருந்தே போகிறது. அங்கே படகில் ஏறினால் முக்கால் மணி நேரம் ஏரியைச் சுற்றிக் காட்டுவார்கள். சாயங்காலம் போங்கள்.

அதைவிட முக்கியமானது, வியாழக்கிழமை ஒன்று உங்கள் பயணத்தில் வருகிற மாதிரி மகனைத் திட்டமிடச் சொல்லுங்கள். வியாழன் பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். டூரியாவிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பிரதிநிதிகள். எல்லோரும் சொந்தமாக உழுபவர்கள், அந்தந்த வாய்க்கால் விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்வார்கள். காவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கச் சொல்லி, புகார் செய்யப்பட்டவர்கள் உண்டா என்று கேட்பார். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சினவர், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவர் என்று வழக்கு வந்தால், வக்கீல் கிடையாது, மனு எழுதுவது கிடையாது, வாய்ப்பேச்சுதான். அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. ஒரு நுட்பம் பாருங்கள்: குற்றம்சாட்டப்பட்டவர் ஆற்றின் வலக்கரை வாய்க்காலைச் சேர்ந்தவர் என்றால் தீர்ப்பை முன்வைப்பது இடக்கரைக்காரர்கள். இடக்கரைக்காரர் என்றால் வலக்கரைக்காரர்கள். தன் வாய்க்கால்காரனுக்குச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

அரபு ஆட்சிக் காலத்திலிருந்து வருவது என்று மரபாகச் சொல்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இருக்காது, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். அப்படியானாலும் ஏமாற வேண்டாம். முறைப்பாசனம் பார்த்த உங்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அர்த்தம் என்னைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி (கோயம்புத்தூர்): நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். "காய்கறி" என்று மெனுவில் போட்டிருக்கும், மேலே பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருப்பார்கள். சாலட் சொன்னால் நடுவில் டூனா மீன் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இங்கே அதெல்லாம் அசைவக் கணக்கிலேயே வராது. "ஸின் கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை எதுவும் வேண்டாம். காய்கறிச் சோறு என்றாலும் எதில் வேகவைத்தது என்று கேளுங்கள், மீன் சாறாக இருக்கலாம். தக்காளி தேய்த்த ரொட்டி எங்கேயும் கிடைக்கும். முட்டை சேரும் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் உண்டு.

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: ஓர்ச்சாத்தா. நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த சுஃபா என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். மாட்டுப்பால் துளியும் இல்லை. சில்லென்று, இனிப்பாக, லேசாக நரநரவென்று இருக்கும். நகரத்தை ஒட்டியுள்ள அல்போராயா வயல்களில் விளைவதுதான் பேர்போனது, மெட்ரோவிலேயே போய்விடலாம். கூடவே ஃபர்த்தோன் என்று நீளமான மெத்தென்ற பன் தருவார்கள், தோய்த்துச் சாப்பிட. பன்னில் முட்டை சேர்ந்திருக்கும், கவனம்.

கேள்வி (கோலாலம்பூர்): பயேயா என்ற சோற்றுச் சமையல் அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். எங்கே சாப்பிட்டால் ஏமாறாமல் இருக்கலாம்?

பதில்: கடைப் பெயர் சொல்ல மாட்டேன், அடையாளம் சொல்கிறேன். வலென்சியா பயேயாவில் போவது கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், பெரிய பட்டர் பீன்ஸ், தக்காளி, குங்குமப்பூ. சில வீடுகளில் நத்தையும் உண்டு. இறாலும் கோழியும் கலந்து, மேலே சிவப்புத் தொத்திறைச்சி வைத்துப் படம் போட்ட பலகை வாசலில் நின்றால் அடுத்த கடைக்குப் போங்கள். இரவு எட்டு மணிக்குக் கூவி அழைத்தாலும் வேண்டாம். உள்ளூர்க்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு, அதிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஆர்டர் எடுத்தபிறகு சமைத்தால் எப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிடத்தில் வந்தால் சூடுபடுத்தியது. அகலமான சட்டியில் சோறு ஒரு விரல் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடியில் பிடித்த காந்தலைக் கரண்டியால் சுரண்டித் தின்பதற்குத்தான் வீட்டில் போட்டி.

கேள்வி (பாரிஸ், லா கூர்நேவ்): அக்கா, ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளையளோட வாறம். சரியான வெக்கை எண்டு சொல்லுகினம். சின்னதுகளை வைச்சுக்கொண்டு சமாளிக்கலாமோ?

பதில்: தாராளமாகச் சமாளிக்கலாம். ஆகஸ்டில் முப்பது, முப்பத்தொரு டிகிரிதான் சராசரி உச்சம், ஆனால் கடற்காற்றின் ஈரத்தால் புழுங்கும். காலை பத்து மணிக்குள் கடலுக்குப் போய்விடுங்கள். மால்வர்ரோசா கடற்கரைக்கு டிராம் உண்டு. மணல் அகலம், கொஞ்ச தூரத்துக்கு ஆழம் இல்லை, தண்ணீர் அந்த மாதத்தில் 26 டிகிரி வரை இருக்கும். பிற்பகலில் ஓஷனோகிராஃபிக் மீன்காட்சியகம். ஐரோப்பாவின் பெரிய மீன்காட்சியகங்களில் ஒன்று, உள்ளே குளுமை. சாயங்காலம் ஆற்றுப்பூங்காவில் கலிவர் விளையாட்டுத் திடல். மல்லாந்து படுத்திருக்கும் எழுபது மீட்டர் மனித உருவம். அவன் முடியும் சட்டை மடிப்பும்தான் ஏணியும் சறுக்கும். கட்டணம் இல்லை. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

கேள்வி (பெங்களூரு): கட்டடக் கலைஞர் கலத்ராவாவின் வெள்ளைக் கட்டடங்களுக்கு (கலை அறிவியல் நகரம்) உள்ளே போக வேண்டுமா?

பதில்: அதே வளாகத்தில் உள்ள மீன்காட்சியகத்துக்குள் போகலாம் (அதை வடிவமைத்தவர் ஃபெலிக்ஸ் கண்டேலா); மற்றவற்றை வெளியே நின்று பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. விளக்கு ஏற்றும் நேரத்தில் போங்கள்.

கேள்வி (சேலம்): மார்ச்சில் ஃபயாஸ் திருவிழா பார்க்க அம்மாவையும் அழைத்து வரலாமா? அவருக்கு எழுபது வயது.

பதில்: அம்மாவுக்கு வெடிச்சத்தம் ஒத்துக்கொள்ளும் என்றால் மட்டும். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடி. கண்ணுக்கு இல்லை, காதுக்கான வெடி. கடைசி நிமிடத்தில் தரை அதிரும், நெஞ்சுக்கூடு அதிரும். தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்குக் கேலிச் சிற்பங்கள் வைத்து 19-ஆம் தேதி இரவு கொளுத்திவிடுவார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உருவங்கள் மட்டும் தீயிலிருந்து தப்பி அருங்காட்சியகத்துக்குப் போகும். அந்த வாரம் விடுதி விலை ஏறிவிடும், தூக்கம் கிடையாது, பேருந்துகள் தடம் மாறும். அம்மாவுக்காக என்றால் ஏப்ரல் இறுதியோ மே மாதமோ நல்லது. நீங்கள் தனியாக வருவதாக இருந்தால் ஃபயாஸைத் தவற விடாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நான் கால்பந்து ரசிகன். மெஸ்தாயா மைதானம் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். 1923-இல் திறந்தது, பார்வையாளர் படிகள் செங்குத்தாக ஏறும், எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் கிட்டத்தில் தெரியும். கும்பகோணம் ஐயாவுக்குச் சொன்ன எட்டு வாய்க்கால்களில் ஒன்றின் பெயர்தான் மெஸ்தாயா.

கேள்வி (திருச்சி): விசா, வந்து சேரும் வழி?

பதில்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள், பார்சிலோனாவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். வலென்சியா விமான நிலையத்திலேயே இறங்கினால் மெட்ரோ 3 அல்லது 5-ஆம் தடத்தில் ஏறுங்கள், டாக்சி தேவையில்லை.

கேள்வி (மதுரை): தெருவெல்லாம் ஆரஞ்சு மரமாமே, பறித்துச் சாப்பிடலாமா?

பதில்: பறிக்காதீர்கள். தெருவில் நிற்பது அழகுக்கு வைத்த கசப்பு ரகம், வாயில் வைக்க முடியாது. நல்ல ஆரஞ்சு வேண்டும் என்றால் நவம்பர் முதல் வசந்த காலம்வரை மத்தியச் சந்தைக்குப் போங்கள். 1928-இல் திறந்த, இரும்பும் கண்ணாடியும் ஓடுகளும் சேர்ந்த கூடம், உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பீர்கள். பழத்தை வாங்கிக்கொண்டு எதிரே உள்ள பட்டு வணிகக் கூடத்துக்கும் போய்விடுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடம், முறுக்கிய கயிறு மாதிரி தூண்கள். சுவர் உச்சியில் சுற்றிலும் லத்தீனில் எழுதியிருப்பது, ஏமாற்றாமலும் வட்டிக் கொடுமை செய்யாமலும் வியாபாரம் செய்பவன் செல்வமும் நிலைவாழ்வும் பெறுவான் என்பதுதான். சந்தையை பிற்பகல் 3 மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. அதனால் முதலில் சந்தை, அப்புறம் பட்டுக் கூடம்.