வாசகர் கேள்வி – பதில்: தேயிலையில் ஒரு வெள்ளிப் பதக்கம்

கேள்வி: வெள்ளிக் களிமண் பேஸ்ட்டை இலையின் மேல் பூசி, கேஸ் டார்ச்சில் சுட்டால் இலை வடிவப் பதக்கம் கிடைக்கும் என்று அறிந்து, எங்கள் தோட்டத்துத் தேயிலையில் செய்து பார்த்தேன். இரண்டு நாள் காயவைத்த பிறகும், தீ பட்டவுடன் மேற்பரப்பு கொப்பளித்து ஓரம் பெயர்ந்துவிட்டது. நான் வாங்கிய பேஸ்ட் தரமற்றதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பேஸ்ட்டின் மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் ஊர்க் காற்றைச் சந்தேகியுங்கள். நுண்ணிய வெள்ளித் துகள்களை, தீயில் எரிந்துபோகும் ஒரு பசையோடும் நீரோடும் குழைத்த பொருள் இது. 1990ஆம் ஆண்டு ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் உருவாக்கியது. சுடும்போது பசை எரிந்து போக, துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்து கெட்டி வெள்ளியாகின்றன. பூச்சுக்குள் நீர் மிச்சமிருந்தால் அது ஆவியாகி, வெளியேற வழியின்றி மேற்பரப்பைத் தூக்கிவிடும். உங்கள் பதக்கத்துக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. துவைத்த துணியே நாள்கணக்கில் காயாத அடைமழைக் காலத்தில், வெறும் காற்றில் வைத்த பூச்சு எத்தனை நாளானாலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கக்கூடும்.

ஆகவே நாள்களை எண்ணாமல் சோதித்துப் பாருங்கள். பூசி முடித்த இலையை இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் ஒரு முகக் கண்ணாடியின் மேல் சில நொடிகள் வைத்துத் தூக்குங்கள். கண்ணாடியில் இலை வடிவில் ஆவி படிந்திருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. ஆவி படியாத நிலை வரும் வரை சூட்டையும் சோதனையையும் மாற்றி மாற்றித் தொடர வேண்டும். இளஞ்சூட்டுக்கு முடி உலர்த்தும் கருவி போதும். அலுமினியத் தட்டையும் அலுமினியத் தாளையும் மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். அலுமினியம் ஈரமான வெள்ளிக் களிமண்ணோடு வினைபுரிந்து அதைக் கெடுத்துவிடும்.

பூசும் முறையிலும் கவனம் தேவை. கொழுந்து மெல்லியது, சுருண்டுவிடும். நரம்பு புடைத்த முற்றிய இலையைத் தேர்ந்தெடுத்து, அதன் அடிப்பக்கத்தில் பூசுங்கள். முதல் பூச்சை ஒரு சொட்டு நீர் விட்டு இளக்கி, நரம்புகளின் இடுக்கெல்லாம் புகும்படி தூரிகையால் தடவ வேண்டும். அடுத்தடுத்த பூச்சுகள் கெட்டியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. எட்டுப் பத்துப் பூச்சுகளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் சேரும். தொடக்கத்திலேயே சூடு காட்டினால் பச்சை இலை வதங்கிச் சுருங்கி, பூச்சில் விரிசல் விழும் என்பதால், முதல் சில பூச்சுகளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடிய டப்பாவுக்குள் மெதுவாகக் காயவிடுவது மலைவாழ்வோருக்கு ஏற்ற வழி. காம்பை நீளமாக விட்டுவைத்தால் பிடித்துக்கொள்ள உதவும். யூகலிப்டஸ் இலை மலையெங்கும் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள்; அதன் மெழுகுப் படலத்தில் பேஸ்ட் நிற்காமல் வழுக்கும். காட்டுக்குள் சென்று செடி பறிக்கும் எண்ணமும் வேண்டாம், குறிஞ்சியை அறவே தொடக் கூடாது. வீட்டுத் தோட்டத்து இலைகளே ஏராளம்.

கேள்வி: டிசம்பர், ஜனவரி காலைகளில் என் கேஸ் டார்ச்சின் தீ சோர்ந்து எரிகிறது. டார்ச் பழுதா, அல்லது சமையல் அடுப்பிலேயே சுடலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: டார்ச்சில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கைக்கு அடக்கமான டார்ச்சுகளில் பெரும்பாலும் பியூட்டேன் வாயுவே நிரப்பப்படுகிறது. அது 0 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரில் திரவமாகவே தங்கிவிடும் இயல்புடையது. உறைபனி விழும் உதகை விடியலில் தீ சோர்வது இதனால்தான். டார்ச்சை அறைக்குள் வைத்திருந்து வெயில் ஏறிய பிறகு பயன்படுத்துங்கள். அடுப்பருகிலோ வெந்நீரிலோ வைத்துச் சூடாக்குவது ஆபத்து. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திவிட்டுச் சுடவும் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டியவர்கள் உயிரிழந்த செய்திகளை மலையில் உள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பசை எரியும் புகையும் சுவாசிக்கத்தக்கதன்று.

சுடுவதற்குத் தீச்செங்கல் வேண்டும். அறையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, தீயை வட்டமாகச் சுழற்றிக் காட்டுங்கள். முதலில் புகையும் சிறு சுடரும் எழும். பிறகு பொருள் வெளுத்து, சற்றே சுருங்கும். அதன்பின் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் கனன்றதும், அந்த நிறம் குன்றாமலும் கூடாமலும் குறைந்தது இரண்டு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பெரிய பொருளுக்கு இன்னும் கூடுதல். மேற்பரப்பு பாதரசம்போல் மினுமினுக்கத் தொடங்கினால் உடனே தீயை விலக்குங்கள். வெள்ளியின் உருகுநிலையான 962 டிகிரியை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். சிறிய, தட்டையான பொருள்களை எவர்சில்வர் வலை வைத்துச் சமையல் அடுப்பிலும் சுடும் வழக்கம் உண்டு; ஆனால் வளைவுள்ள இலைக்கு வெப்பம் சீராக எட்டாது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சுட்ட பிறகு என் தொங்கட்டான் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. இது உண்மையிலேயே வெள்ளியா? இதே முறையில் கொலுசும் மோதிரமும் செய்து விற்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வெள்ளிதான், அதுவும் 999 தூய்மை, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி கொண்டது. சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. சோப்பு நீரில் நனைத்த பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் உள்ளிருக்கும் பளபளப்பு வெளிவரும். தூய வெள்ளி, பிற உலோகம் கலந்த 925 வெள்ளியைவிட மென்மையானது. போதாததற்கு, களிமண்ணில் செய்ததில் நுண்துளைகளும் இருக்கும். காதணிக்கும் பதக்கத்துக்கும் இது குறையன்று. அன்றாடம் அடிபடும் மோதிரம் கனமாக இருந்தால்தான் வளையாமல் நிற்கும். அளவெடுக்கும்போது, சுட்டபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதைக் கணக்கில் கொண்டு பெரிதாகச் செய்யுங்கள். கொலுசு வேண்டாம். கிராம் கணக்கில் இந்தப் பேஸ்ட் கட்டி வெள்ளியைவிட விலை கூடியது. கொலுசின் கண்ணிகளுக்குச் சேலத்துப் பட்டறைகள் இருக்கின்றன.