தலைகீழ் வாளியிலை தக்காளி: கேட்டதும் சொன்னதும்

விவசாயப் போதனாசிரியராய் வேலை செய்து ஓய்வெடுத்த ஆள் நான். வீட்டு முன் விறாந்தையிலை அஞ்சு பெயின்ற் வாளி தொங்குது. ஒவ்வொண்டின்ரை அடியிலையிருந்தும் ஒரு தக்காளிச் செடி எட்டிப் பாக்குது. ரோட்டாலை போற சனம் நிண்டு கேட்ட கேள்விகளும், எங்கடை வீட்டுத்தோட்டக் கூட்டத்திலை கேட்ட கேள்விகளும் ஒண்டாய் இதிலை இருக்கு.

ஐயா, செடி உண்மையாய்த் தலைகீழாய் வளருமோ? (கோண்டாவில்)

வளராது பிள்ளை. தலைகீழாய் இருக்கிறது நட்ட விதம் மட்டும்தான். தொங்கவிட்டு ரெண்டு மூண்டு நாளைக்குள்ளை தண்டின்ரை நுனி தூண்டில் முள்ளு மாதிரி மேலை வளையும். பள்ளிக்கூடத்திலை புவித்திருப்பம் எண்டு படிச்சிருப்பியள். தண்டிலையும் வேர்நுனியிலையும் சில கலங்களுக்குள்ளை மாப்பொருள் மணியள் இருக்கு. மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கை மண்டி அடியிலை தங்கிற மாதிரி அதுகள் கலத்தின்ரை கீழ்ப்பக்கம் போய்த் தங்கும். செடிக்குக் கீழ் எது, மேல் எது எண்டு அதாலைதான் தெரியும். அதுக்குப் பிறகு ஓட்சின் எண்ட வளர்ச்சிப் பொருள் கீழ்ப்பக்கத்திலை சேரும். தண்டிலை அது சேர்ந்த பக்கம் கூட நீளும், அதாலை தண்டு மேலை வளையும். வேரிலை அதே பொருள் வளர்ச்சியைக் குறைக்கும், அதாலை வேர் கீழை போகும். 1806இலை இங்கிலாந்திலை தோமஸ் அன்ட்ரூ நைற் எண்டவர் தண்ணியிலை சுத்திற சில்லு ஒண்டிலை விதையளைக் கட்டி முளைக்க விட்டுப் பாத்தவர். வேர் எல்லாம் சில்லுக்கு வெளிப்பக்கம், முளை எல்லாம் நடுவை பாத்து வந்திட்டுதாம். இழுவிசை எந்தப் பக்கமோ அதைத்தான் செடி கீழ் எண்டு எடுக்கும்.

தண்டு வளையிற இடத்திலை பாரம் ஏறினால் முறியும். ஆனபடியால் காய் பாரமில்லாத, தண்டு துவளக்கூடிய இனம்தான் இதுக்குச் சரி.

அப்ப எதை நடலாம், சேர்? (மானிப்பாய்)

செரித் தக்காளி முதலிடம். பெரிய காய்த் தக்காளி வேண்டாம், காய் பழுக்க முந்திக் கொப்பு கிழியும். வெள்ளரி நல்லாய்த் தொங்கும். பசளியும் புதினாவும் நல்லாய் வரும். மிளகாய் வரும், ஆனால் அதின்ரை கொப்பு கண்ணாடி மாதிரி, காத்துக்கு ஒடியும். கத்தரியை நிலத்திலையே விடுங்கோ. புடோலுக்கும் பாகலுக்கும் எங்கடை ஆக்கள் பந்தல் போட்டு, புடோலங்காய் நேராய் வாறதுக்குக் கல்லும் கட்டித் தொங்கவிடுறவை. அதுகளுக்கு வாளி தேவையில்லை.

வாளியை எப்பிடிச் செய்யிறது? ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ. (சுன்னாகம்)

மூடியும் கைபிடியும் உள்ள பத்து லீற்றர் பெயின்ற் வாளி எடுங்கோ. பெயின்ற் துண்டொண்டும் மிஞ்சாமல் கழுவவேணும். அடியிலை நடுவாய் ரெண்டு அங்குல ஓட்டை. கம்பியைக் காய்ச்சிச் சுட்டால் லேசாய் வரும், ஆனால் வெளியிலை நிண்டு செய்யுங்கோ, அந்தப் புகை கூடாது. மூடியிலை நாலஞ்சு சின்ன ஓட்டை. தண்ணி விடவும் காத்துப் போகவும்.

இனிக் கனபேர் பிழை விடுற இடம். கண்டை ஓட்டைக்குள்ளாலை தள்ளி, உடனை தொங்கவிட்டு, அடுத்த நாள் மண்ணோடை விழுந்து கிடக்குது எண்டு வந்து சொல்லுவினம். நான் செய்யிறது இப்பிடி. வாளிக்குள்ளை கலவையை நிரப்பி, மூடியை இறுக்கி, வாளியைக் கவிழ்த்து நிலத்திலை வைக்கிறது. இப்ப அடி மேலை வந்திட்டுது. அந்த ஓட்டைக்குள்ளை கண்டைச் சாதாரணமாய் நட்டு, தண்டைச் சுத்திப் பழைய சீலைத்துண்டோ கீறின ஸ்பொஞ்சோ வைச்சு விடுறது. மூண்டு கிழமை அப்பிடியே வளரட்டும். வேர் மண்ணைப் பிடிச்ச பிறகு நிமிர்த்தித் தொங்கவிடுங்கோ. பொறுமை இல்லாத ஆக்களுக்கு இந்த வேலை சரிவராது.

கலவை: செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, நல்லாய் உக்கின கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூளிலை உப்பு இருக்கும், ரெண்டு மூண்டு தரம் அலசிப் போடுங்கோ. தனிச் செம்மண் போட்டால் ஈர வாளி பதினைஞ்சு கிலோவைத் தாண்டும்.

முற்றத்து முருங்கையிலை கட்டலாமோ? (அரியாலை)

முருங்கை பருத்தால் தூணாகுமோ எண்டு சும்மாவா கேட்டவை? காய் பிடுங்க ஏறினாலே முறியிற மரம். மாமரக் கொப்பு, பனை வளை, இரும்புக் குழாய், இதுகளிலை கட்டுங்கோ.

கயிறும் கவனம். போன வருசம் சோளகக் காத்துத் தொடங்கின நேரம் எனக்கு ஒரு வாளி விழுந்தது. நைலோன் கயிறு பாக்கப் புதுசு மாதிரி இருந்தது, வெயிலிலை ஒரு வருசம் கிடந்து உள்ளுக்குள்ளை இத்துப் போச்சு. கீழை நிண்டது கோழி, அதாலை தப்பினன். கோழியும் தப்பீட்டுது. இப்ப சங்கிலியும் எஸ் கொளுக்கியும்தான். பிள்ளையள் விளையாடுற இடத்துக்கு மேலை தொங்கவிடவே வேண்டாம்.

பூ நிறையப் பூக்குது, எல்லாம் கொட்டுண்டு போகுது. என்ன பசளை போட? (சாவகச்சேரி)

எப்ப நட்டனியள்? மார்ச்சிலை எண்டால் பசளையிலை பிழை இல்லை. பகல் 32 பாகை தாண்டி, இரவும் 25க்குக் கீழை இறங்காட்டில் தக்காளியின்ரை மகரந்தம் சரியாய் வேலை செய்யாது. எங்கடை சித்திரை, வைகாசி இரவு அப்பிடித்தான். ஒக்ரோபரிலை நாத்துப் போட்டு, மாரியிலை கண்டை வளத்து, மார்கழி, தையிலை பூக்க விடுங்கோ. பெடியள் பட்டம் ஏத்துற வாடைக் காலம்தான் தக்காளிக்கும் காலம். மாரி மழைக்கு வாளி விறாந்தைக் கூரைக்குக் கீழை நிக்கட்டும். இலை நனைஞ்சபடி கிடந்தால் பூஞ்சணம் வரும்.

பின்னேரத்திலை பூக்கொத்தை விரலாலை மெல்லச் சுண்டிற ஆக்களும் இருக்கினம். அது காலைமை செய்யிற வேலை, மகரந்தம் உலர்ந்து உதிர்ற நேரம் அதுதான்.

காயின்ரை அடி கறுத்து அழுகுது. கல்சியம் குறைவு எண்டு முட்டைக்கோது போட்டன், நிக்கேல்லை. (கொக்குவில்)

உங்கடை கேத்திலுக்குள்ளை வெள்ளையாய்ப் படியிறது என்ன? எங்கடை யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லுக்கு மேலை கிடக்குது. கிணத்துத் தண்ணியிலையே கல்சியம் தாராளம். காய்க்குப் போய்ச் சேரேல்லை, அதுதான் பிரச்சினை. கல்சியம் தண்ணியோடைதான் செடிக்குள்ளை போகும். ஒரு நாள் வாளி காஞ்சு, அடுத்த நாள் வெள்ளமாய் ஊத்தினால் காயின்ரை நுனிக்கு அது எட்டாது. தொங்கிற வாளி எல்லாப் பக்கத்தாலும் காத்துப் பட்டுக் கெதியிலை காயும், அதாலை இந்த நோய் நிலத்துச் செடியை விட இதுக்குக் கூட. காலைமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, கொஞ்சம் கொஞ்சமாய் விடுங்கோ. மேல் மூடியைக் கழட்டிப்போட்டு அந்த மண்ணிலை வல்லாரை நட்டால் ஈரமும் நிக்கும், சம்பலும் ஆகும்.

கடற்கரைப் பக்கத்து ஆக்கள் உவர்த் தண்ணியை ஊத்தாதேங்கோ. மழைத்தண்ணி சேத்து வைச்சு விடுங்கோ.

ஒழுகிற தண்ணிக்கு அடியிலை பேசின் வைச்சிருக்கிறன், சரிதானே? (நல்லூர்)

பிழை தங்கச்சி! டெங்கு நுளம்புக்கு அந்தப் பேசின் காணும், முட்டை நுளம்பாக ஒரு கிழமை சொச்சம்தான் செல்லும். மார்கழியிலை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் உங்களுக்குத்தான் வழக்கு. பேசினை எடுங்கோ. ஒழுகிற இடத்திலை ஒரு வாழையை வையுங்கோ.

அண்ணை, கனடாவிலை இருக்கிற மச்சான் கஞ்சாவை இப்பிடித் தலைகீழாய் வளத்தால் சத்தெல்லாம் பூவுக்கு இறங்கும் எண்டு சொல்லுறான். உண்மையோ? (வல்வெட்டித்துறை)

சிரிச்சபடி கேட்டாலும் வடிவாய்ச் சொல்லுறன். மச்சான் ரெண்டு விசயத்தைக் குழப்பிறார். அந்தச் செடியை அறுத்த பிறகு காயப்போடத்தான் தலைகீழாய்க் கட்டுறவை, எங்கடை ஆக்கள் புகையிலையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதைப் பாத்த ஆரோ ஒருத்தர் சத்து இறங்குது எண்டு கதை கட்டியிருக்கிறார். அதின்ரை பிசின் பூவிலை உள்ள சுரப்பி மயிருக்குள்ளையே உண்டாகிறது. வேரிலையிருந்து ஒழுகி வாற சாமான் இல்லை, கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் ஒண்டுதான்.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறை. கனடாவிலை 2018 ஒக்ரோபர் 17 தொடக்கம் மத்திய சட்டப்படி ஒரு வீட்டுக்கு 4 செடி வரை விட்டிருக்கினம், சில மாகாணம் அதையும் தடுத்தது. ஜேர்மனியிலை 2024 ஏப்ரல் 1 தொடக்கம் வயது வந்த ஆளுக்கு 3 செடி. இங்கை இலங்கையிலை 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இருக்கு. வளவிலை ஒரு செடி வைச்சாலும் குற்றம். மச்சான் அங்கை வளக்கிறது அவரின்ரை பாடு. நீங்கள் தக்காளி போடுங்கோ தம்பி.

நிலத்திலை நட்டதை விட விளைச்சல் கூடவோ? உண்மையைச் சொல்லுங்கோ. (உரும்பிராய்)

குறைவு. உரும்பிராய்ச் செம்மண்ணை வைச்சுக்கொண்டு நீங்கள் வாளி தொங்கவிடத் தேவையே இல்லை. வேருக்குப் பத்து லீற்றர் இடம்தான், வாளியின்ரை நிழலும் அந்தச் செடிக்கு மேலை விழுகுது. அமெரிக்காவிலை இதே மாதிரிச் செடி தலைகீழாய்த் தொங்கிற பைகளை ரீவியிலை விளம்பரம் போட்டு வித்தவை, அந்தப் படத்திலை காய்ச்ச மாதிரி ஆருக்கும் காய்க்கிறதில்லை. ஆனால் முற்றம் முழுக்கச் சீமெந்து போட்ட வீட்டுக்கும், மேல் மாடியிலை வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும், நிலத்திலை வாடல் நோயும் வேரிலை வட்டப்புழுவும் வந்த வளவுக்கும் இது உதவும். கம்பு நட்டுக் கட்டுற வேலையும் இல்லை.

அணில் பழத்தைத் தின்னுது. தொங்கினால் வராது எண்டு சொன்னியளே? (இணுவில்)

நிலத்தாலை வாற எலிக்கு எட்டாது எண்டுதான் சொன்னனான். அணில் சங்கிலியாலை இறங்கி வந்து, தலைகீழாய் நிண்டே தின்னும். பழம் மஞ்சள் அடிக்கத் தொடங்கவே பிடுங்கி, அரிசிப் பானைக்குள்ளை போட்டு வையுங்கோ. ரெண்டு மூண்டு நாளிலை பழுத்திடும்.