கேள்வி-பதில்: அசையாத சைடு மிரரும் அவசரமாகக் கொடுத்த பணமும்

மோட்டார்ஹோம் (உள்ளே தங்கும் வீடு கட்டிய வேன்), வேன், கார் வைத்திருக்கும் வாசகர்கள் எலக்ட்ரிக் சைடு மிரர் பற்றி எழுதிய கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, டீலரிட்டை ஒரு பழைய ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம் எடுத்து மூண்டு கிழமை. இடது கண்ணாடி மேலை கீழை போகுது, பக்கவாட்டிலை அசையுதில்லை. வலது பக்கம் நல்லா வேலை செய்யுது. "பார்த்துத்தானே எடுத்தனீங்கள்" எண்டு டீலர் கையை விரிக்கிறார். கராஜிலை முழுக் கண்ணாடியும் மாத்த வேணுமாம். — குரோய்டன், லண்டன்

பதில்: மாற்ற வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சின்ன மோட்டார்கள் உண்டு. ஒன்று மேலும் கீழும் அசைக்க, மற்றது பக்கவாட்டில் அசைக்க. மேல் கீழ் அசைகிறது என்றால் கரண்ட் கதவுவரை வருகிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது. வலது பக்கம் முழுதாக வேலை செய்வதால் சுவிட்சையும் பெரிதாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மிஞ்சுவது அந்த ஒரு மோட்டார், அதன் பல்சக்கரம், அதற்குப் போகும் வயர்.

வண்டியை நிறுத்திவைத்து, வீட்டில் ஒருவரை சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, காதைக் கண்ணாடிக் கூட்டில் வையுங்கள். "ர்ர்" என்று சத்தம் வந்தும் கண்ணாடி அசையாவிட்டால் மோட்டார் சுற்றுகிறது, பல் தேய்ந்திருக்கிறது அல்லது கண்ணாடி கிளிப்பிலிருந்து விலகியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் வயர் அல்லது மோட்டார். அதற்கு மேல் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். கழற்றினால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று டீலர் சொல்ல வழி கிடைத்துவிடும்.

பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வியாபாரியிடம் வாங்கிய பொருளுக்கு "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்பது மட்டும் பதில் ஆகாது. குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதன் பிறகும் முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டீலர் பாடு. இந்தக் குறையை அவர் முன்பே உங்களிடம் சுட்டிக்காட்டியிருந்தாலோ, வாங்குமுன் நீங்கள் செய்த சோதனையிலேயே அது தெரிந்திருக்க வேண்டும் என்றாலோ நிலைமை மாறும். ஒரு மிரருக்காக வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லமாட்டேன். இலவசமாகச் சரிசெய்து தரும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதோடு விடாதீர்கள். 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ரிவர்ஸ் கியர் போட்டால் இடது கண்ணாடி தானாகக் கீழே குனிகிறது. ஷோரூமில் ஏமாற்றிவிட்டார்களா? — சேலம்

பதில்: இல்லை. பின்சக்கரமும் ஓரக்கல்லும் தெரிவதற்காகக் கொடுத்த வசதி. கையேட்டில் இருக்கும், எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் வேன் ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது ஐயா. இரண்டு கண்ணாடியும் ஒரே நாளில் அசையாமல் நின்றுவிட்டன. "ரெண்டு மோட்டாரும் போச்சு" என்று பட்டறையில் இரண்டையும் மாற்றி ₹14,000 வாங்கினார்கள். பில் தரவில்லை. அடுத்த வாரமே மறுபடி நின்றது. வேறு எலக்ட்ரீஷியன் பியூஸை மாற்றினார், ஓடுகிறது. — மேட்டுப்பாளையம்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் தம்பி. வெவ்வேறு கதவில் இருக்கும் மோட்டார்கள் ஒரே நாளில் சாவது அபூர்வத்திலும் அபூர்வம். இரண்டும் சேர்ந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுக்கும் பொதுவானவை: பியூஸ், சுவிட்ச், எர்த் (பாடியோடு சேரும் வயர்). பட்டறையில் ஒரு வருடம் வேலை பார்த்த பையனுக்கும் இது தெரியும்.

வண்டி வாடகைக்கு ஓடுகிறதே, நுகர்வோர் வழக்குப் போட முடியுமா என்று தயங்காதீர்கள். சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு வைத்திருப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பில் தராததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஜிபேயில் பணம் கட்டிய பதிவு, பட்டறையோடு பேசிய வாட்ஸ்அப், இரண்டாவது எலக்ட்ரீஷியன் கைப்பட எழுதித் தரும் நாலு வரி, எரிந்த பியூஸ் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பியூஸ் மறுபடி எரிந்தால் பெரிய ஆம்பியர் பியூஸ் போட விடாதீர்கள். எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து பாடியில் உரசிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய பியூஸ் போட்டால் வயரே எரியும்.

இதைச் சொல்லும்போது என் நெடுநாள் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் "அசெம்பிளியா மாத்தணும்" என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் ஊறிப்போய்விட்டது. கண்ணாடி மட்டும் உடைந்தால் கண்ணாடியும் அதன் பின்தட்டும் தனியாகக் கிடைக்கும். மோட்டார் தனியாகக் கிடைக்கும் வண்டிகளும் உண்டு. ஒரு வயர் அறுந்ததற்குக் கூடு, மோட்டார், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டுகிறார்கள். கழற்றிய பழைய மிரரை ஏன் உங்கள் கையில் தருவதில்லை? அதில் உயிருள்ள பாகம் இருக்கிறது, அது இன்னொரு வண்டிக்குப் போகும். வேலையை ஆரம்பிக்கும் முன்பே "பழைய பாகத்தை எனக்குத் தந்துவிட வேண்டும்" என்று சொல்லுங்கள். உங்கள் காசில் வாங்கிய உங்கள் பொருள் அது. இப்படிச் சொன்னதுமே "ஒரு தடவை வயரைச் செக் பண்ணிடறேன் சார்" என்று குரல் மாறுவதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கார்க் கதவைத் திறந்து வைத்தால் கண்ணாடி அசைகிறது. மூடினால் இல்லை. — திருச்சி

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: கதவு மடியும் இடத்தில் வயர் அறுந்திருக்கும். கதவு கீல் பக்கம் பாடிக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும். அதன் ஒரு முனையை மெல்லக் கழற்றிப் பின்னால் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். செம்பு அறுந்த வயர் மேலுறை மட்டும் இருப்பதால் ஜவ்வு மாதிரி நீளும். அந்த இடத்தில் உரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். முறுக்கி டேப் சுற்றினால் நிற்காது, கதவு மடியும் இடம் அது. புது வயர்த் துண்டு சேர்த்து, இணைப்புகள் மடிப்புக்கு வெளியே வருமாறு சால்டர் வைத்து, ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். இதற்கும் அசெம்பிளி மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மோட்டார்ஹோமும் டுகாட்டோதான். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த மிரரை வாங்கினேன். மாட்டினால் பின்னால் வண்டிச் சுவர்தான் தெரிகிறது. பிளக்கும் சேரவில்லை. வண்டி நிறத்துக்கு பெயின்ட் அடித்துவிட்டேன். பணம் கிடைக்குமா? — டோர்ட்முண்ட்

பதில்: மாட்டிப் பார்க்கும் முன்பே பெயின்ட் அடிக்க என்ன அவசரம்? டுகாட்டோ மிரர் குட்டைக் கை, நடுத்தரக் கை, நீளக் கை என்று வருகிறது. பின்னால் கட்டிய வீடு வேனைவிட அகலமாக இருந்தால் நீளக் கை வேண்டும். சரக்கு வேனுக்கான குட்டைக் கையை வாங்கியிருக்கிறீர்கள். பிளக்கில் எத்தனை பின் என்று பழைய மிரரைக் கழற்றி எண்ணியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் பெயின்ட் அடித்ததால் குறைந்த மதிப்பைக் கடைக்காரர் கழித்துக்கொள்வார். அதில் அவர்மேல் தவறில்லை.

கேள்வி: "ஒரிஜினல்" கண்ணாடி சென்னை ஜி.பி. ரோட்டில் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? — தாம்பரம்

பதில்: அந்த ரோட்டில் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பெட்டியில் ஒட்டிய ஹோலோகிராம் நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. ஹைவேயில் கண்ணாடி அதிர்ந்து பின்னால் வரும் லாரியின் விளக்கு கோடாகத் தெரிந்தது. பின்தட்டு கிளிப்பில் இறுக்கமாக உட்காரவில்லை. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. பாக நம்பர் போட்ட பில் கேளுங்கள், அங்கேயே மாட்டச் சொல்லுங்கள், விரலால் ஓரத்தை அழுத்தினால் ஆடக் கூடாது. வளைவும் பழைய கண்ணாடியைப் போலவே இருக்க வேண்டும். தட்டைக் கண்ணாடியை வெட்டி ஒட்டித் தந்தால் பக்கத்து லேனில் வரும் பைக் தெரியாது.

கேள்வி: கேம்ப்சைட்டில் நிற்கும்போது வீட்டுப் பகுதி லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகிறது. மிரர் மட்டும் அசையவில்லை. — மில்டன் கீன்ஸ்

பதில்: சாவியைத் திருப்பி இக்னிஷனைப் போடுங்கள். லைட் ஓடுவது வீட்டு பேட்டரியில், மிரர் ஓடுவது இன்ஜின் பேட்டரியில். அப்படியும் அசையாவிட்டால் இடம்-வலம் தேர்வு சுவிட்ச் நடுவில் நிற்கிறதா பாருங்கள். நடுவில் இருந்தால் எதுவும் அசையாது.