லேப் பாதுகாப்பு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மருந்துக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேப்பில் 11 வருஷம் இருந்தேன். அப்புறம் கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று பல இடத்து லேப்களில் பாதுகாப்பு ஆடிட் செய்து 9 வருஷம் ஆகிறது. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், எங்களுடையது உணவுப் பரிசோதனை லேப், பரிசோதனைத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறது. இப்போது முதலாளி பணியிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001-ம் வேண்டும் என்கிறார். கன்சல்டண்ட் ஒருவர் 40 ஃபைல் ரெடிமேடாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (திருப்பூர்)

வாங்காதீர்கள். 17025 கேட்பது நீங்கள் கொடுக்கும் ரிசல்ட்டை நம்பலாமா என்று. 45001 கேட்பது அந்த ரிசல்ட்டுக்காக வேலை பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்று. ஓசாஸ் 18001 என்ற பழைய பாதுகாப்புத் தரநிலைக்குப் பதிலாக 45001 வந்தது 2018 மார்ச்சில். அதில் நான் முதலில் திறந்து பார்ப்பது 5.4 பிரிவைத்தான். வேலை செய்பவர்களிடம் கலந்து பேச வேண்டும், அதிலும் மேலாளர் பொறுப்பில் இல்லாதவர்களை அபாயங்களைக் கண்டுபிடிப்பதில் சேர்க்க வேண்டும் என்று அது தனியாகவே சொல்கிறது. உங்கள் சோல்வெண்ட் ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் எத்தனை நாளாக ஓடவில்லை என்று அந்த 40 ஃபைலை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் அட்டெண்டருக்குத் தெரியும். ஃபைல் கொஞ்சமாக இருக்கட்டும், அவரிடம் கேட்டு எழுதியதாக இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, ஹிரா (எந்த வேலையில் என்ன அபாயம் என்று கண்டுபிடித்து மதிப்பிடும் பட்டியல்) போடச் சொல்லி பிரின்சிபால் எக்செல் ஷீட் கொடுத்திருக்கிறார். தீவிரம், வாய்ப்பு, இரண்டையும் பெருக்கி மார்க். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே புரியவில்லை. (கல்லூரி வேதியியல் லேப் உதவியாளர், திண்டுக்கல்)

ஷீட்டை மூடி வையுங்கள். ஒரு நாள் முழுக்க லேப்பில் நின்று யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிராக்டிகல் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன்னால் ரீஏஜெண்ட் தயாரிக்கும்போதும், எல்லாரும் போன பிறகு கழுவும்போதும் பாருங்கள்.

ஒரு கல்லூரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மதியம் மூன்றரை மணி, மாணவர்கள் போய்விட்டார்கள். கண்ணாடிப் பொருள் கழுவும் அம்மா ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், பியூரெட்டுகளைக் குரோமிக் அமிலக் கலவையில் தோய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். கையில் மெல்லிய கிளவுஸ், ஆஸ்பத்திரியில் போடுவார்களே அதே தான். வலது கைப் பெருவிரலில் அது பழுப்பாகி, விறைத்து, நகத்துக்கு மேலே பொடிப்பொடியாக விண்டிருந்தது. "இது தினம் இப்படித்தாம்மா ஆகும், ரெண்டு மாத்திக்குவேன்" என்றார். அந்தக் கல்லூரியின் ஹிராவில் 62 வரிகள் இருந்தன, மாணவர் செய்யும் ஒவ்வொரு சோதனையும் இருந்தது, இந்த அம்மாவின் வேலை மட்டும் இல்லை. அந்தக் கலவையில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானது.

இப்போது தடுப்புக்கு வருவோம். எல்லாரும் ஷீட்டின் கடைசிப் பத்தியில் "கிளவுஸ் வழங்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வரிசை அப்படியில்லை. அந்தப் பொருளே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறொன்றுக்கு மாற்ற முடியுமா, அதுவும் முடியாவிட்டால் ஆவியை இழுத்து வெளியேற்றும் ஹூட், காற்றோட்டம் போன்ற ஏற்பாடு, பிறகு பயிற்சியும் விதிமுறையும். இத்தனையும் பார்த்த பிறகுதான் கிளவுஸும் கண்ணாடியும். பட்டப்படிப்பு டைட்ரேஷனுக்கு லேப் டிடர்ஜெண்ட்டில் ஊறவைத்துக் கழுவிய பியூரெட் தாராளமாகப் போதும், குரோமிக் அமிலமே தேவையில்லை. அந்த ஒரு வரி மாறினால் போதும், அந்த அம்மாவின் கை தப்பிவிடும்.

உங்கள் லேப்பில் சால்ட் அனாலிசிஸுக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கும் கிப்ஸ் உபகரணம் இன்னும் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். அந்த வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்பதை வைத்து வாயு வெளியேறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. "வெளியே சொன்னால் உன் கவனக்குறைவு என்று எழுதுவார்கள்" என்று சீனியர் சொன்னதால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

தம்பி, முதலில் உங்களுக்கு. ஒரு மாதம் ஆனாலும் டாக்டரைப் பார்ப்பதில் பிரயோஜனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போது ஒரு பரிசோதனை, அவர்கள் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். பயத்தை அளவோடு வையுங்கள்: எச்ஐவி உள்ளவருடைய ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது ஏறக்குறைய 1000-ல் 3 தடவை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு அதிகம், 100-ல் 30 வரை போகலாம். அதனால் உங்கள் மூன்று டோஸும் முடிந்ததா என்று இன்றே பாருங்கள். அதைப் போட்டுவிடுவது நிர்வாகத்தின் கடமை. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-ல், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குத்திய உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச்சிங் ஊற்ற வேண்டாம், விரலை வாயில் வைக்கவே வேண்டாம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. ஒளித்து வைத்தால் இந்த 72 மணி நேரம்தான் கையை விட்டுப் போகிறது.

உங்கள் சீனியர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது. மூடி போட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் துளைபடாத வெள்ளை டப்பா ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். அதை நீங்கள் சொல்லியிருந்தால் டப்பா நகர்ந்திருக்கும், அடுத்தவர் விரல் தப்பியிருக்கும். சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் இது நடக்காது, அந்தத் தவறு நிர்வாகத்துடையது.

கேள்வி: லேமினார் ஃப்ளோவில் (வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் வேலை மேஜை) குளோரோஃபார்ம் எடுத்து வேலை செய்யலாமா?

கூடவே கூடாது. லேமினார் ஃப்ளோ உங்கள் சாம்பிளைக் காப்பாற்றுவதற்கு, காற்றை உங்கள் பக்கமாகத் தள்ளும். கிருமிகளோடு வேலை செய்வதற்கான பயோசேஃப்டி கேபினெட்டும் இதற்கு ஆகாது, அதிலிருக்கும் ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஃப்யூம் ஹூட்டுக்குப் போங்கள், கண்ணாடிக் கதவை முடிந்தவரை இறக்கி வையுங்கள்.

கேள்வி: பிஎச்டி செய்கிறேன். வெடிக்கும் தன்மையுள்ள சேர்மங்களில் வேலை. "சின்ன அளவுதானே" என்று கைடு எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டார். நான் கேட்டால் பயந்தவன் என்கிறார். (ஐதராபாத்)

கேளுங்கள், விடாதீர்கள். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கைடிடம் சொல்லுங்கள். நிக்கல் ஹைட்ரஸீன் பெர்குளோரேட். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று அங்கே வாய்மொழியாக ஒரு வரம்பு இருந்தது. திரும்பத் திரும்பத் தயாரிக்க வேண்டாமே என்று இரண்டு மாணவர்கள் ஏறக்குறைய 10 கிராம் செய்தார்கள். கட்டியாக இருந்ததை ஒருவர் கல்வத்தில் போட்டு மெதுவாக உடைத்தார், முடிந்தது என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார், அப்புறம் இன்னும் ஒரு தடவை கிளறலாம் என்று திரும்பி வந்தார். வெடித்தது. மூன்று விரல்கள் போயின, ஒரு கண்ணிலும் காயம்.

அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அந்த அறிக்கையில் எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. அதே ஆராய்ச்சிக் குழுக்களில் முன்பே சின்னச் சின்ன சம்பவங்கள் நடந்திருந்தன, அவை எங்கும் பதிவாகவில்லை, அதனால் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. உங்கள் லேப்பில் ஒரு நோட்டு போடுங்கள்: அதிகபட்ச அளவு, அதைத் தாண்ட யார் கையெழுத்து வேண்டும், இதுவரை தப்பித்தவை என்னென்ன. கைடு கையெழுத்துப் போட மறுத்தால் துறையின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கால்நடை ஆய்வாளர் நான். உறைவிந்துக் குச்சிகளை 3 லிட்டர் திரவ நைட்ரஜன் கேனில் வைத்துக் காரில் கொண்டுபோகிறேன். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது சரியா சார்?

மேடம் தான், பரவாயில்லை. சரியில்லை. 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் 700 லிட்டர் வாயு ஆகும். கேன் சாய்ந்து 2 லிட்டர் கொட்டினால் 1400 லிட்டர், காரின் உள்ளே இருக்கும் இடமே ஏறக்குறைய 3000 லிட்டர்தான். நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறுவதுபோல்கூட இருக்காது, தலை சுற்றி அப்படியே சாய்ந்துவிடுவீர்கள். கேனை நிமிர்த்திக் கட்டுங்கள், கண்ணாடியை இறக்கி வையுங்கள், அதன் மூடியை எக்காரணம் கொண்டும் இறுக்கி அடைக்காதீர்கள். லேப்பில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், இந்தக் கேனோடு லிஃப்டில் ஏறாதீர்கள். கேன் தனியாகப் போகட்டும், நீங்கள் படியில் போய் அந்த மாடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டோரில் முப்பது வருஷப் பழைய பாட்டில்கள் இருக்கின்றன, ஒன்றில் பிக்ரிக் அமிலம் என்று எழுதியிருக்கிறது. பழைய கருவிகளையும் ஏலம் விடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (மதுரை)

அந்த பாட்டிலைத் தொடாதீர்கள். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிமருந்து, மூடியின் மரையில் ஒட்டியிருக்கும் தூள் திருகும்போதே வெடிக்கலாம். ஸ்டோரைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் வைத்து, நிர்வாகம் மூலமாக வெடிபொருள் அகற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

ஏலத்தையும் நிறுத்துங்கள். 2010-ல் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985-லிருந்து பயன்படுத்தாமல் வைத்திருந்த காமா கதிர்வீச்சுக் கருவியைப் பழைய சாமானோடு ஏலம் விட்டது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. ஏழு பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். அதைப் பயன்படுத்திய பேராசிரியர் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்ற உங்கள் பழைய ஸ்டோர் கீப்பர் ஊரில் இருந்தால் அழைத்து வந்து உட்கார வைத்து ஒவ்வொரு கருவியாகக் கேளுங்கள், அப்புறம் ஸ்டாக் புக்கோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் லேப்பில் மூன்று வருஷமாக நியர் மிஸ் (விபத்தாகாமல் நூலிழையில் தப்பியது) பூஜ்யம். ஆடிட்டில் இதைக் காட்டலாம்தானே? (ஓசூர்)

எனக்குக் காட்டினால் நான் அங்கிருந்துதான் ஆடிட்டை ஆரம்பிப்பேன். முப்பது பேர் ஆசிட்டோடும் சிலிண்டரோடும் வேலை செய்யும் இடத்தில் மூன்று வருஷம் ஒரு பீக்கர்கூட வழுக்கவில்லை என்றால் நம்ப முடியாது, சொல்ல யாரும் முன்வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அடுத்த திங்கள்கிழமை காலையில் கண் கழுவும் குழாயை எல்லார் முன்னாலும் திறந்து ஓட விடுங்கள், வாராவாரம் செய்ய வேண்டியதுதான் அது. செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால், அல்லது வராமலே போனால், அதை முதல் நியர் மிஸ்ஸாக உங்கள் கையாலேயே ரெஜிஸ்டரில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டாவதை எழுத யார் வருகிறார் என்று பாருங்கள், வந்தால் அன்றைக்கே அதைச் சரிசெய்து கொடுங்கள்.