போன் இல்லாம ஒரு வாய் இறங்க மாட்டேங்குது!

என் பொண்ணுக்கு மூணு வயசு. போன்ல ரைம்ஸ் ஓடினாதான் வாய தொறக்குறா, ஆஃப் பண்ணா வாயில இருக்குறதையும் துப்பிடுறா. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகுது. ஆனா பால் மட்டும் மூணு வேளையும் பெரிய டம்ளர்ல குடிச்சிடுவா. 13 கிலோ இருக்கா. பக்கத்து வீட்டு புள்ள கொழுகொழுன்னு இருக்கு, நீ ஒழுங்கா ஊட்டலன்னு மாமியார் சொல்லிட்டே இருக்காங்க. அழுகையா வருதுக்கா.
- வாசகி, தேனி

அழாதம்மா. மூணு வயசு பொண்ணுக்கு 13 கிலோங்கறது நல்ல எடைதான். மொதல் வருஷத்துல பொறந்த எடை மூணு மடங்கு ஆகும், ரெண்டு வயசுக்கு மேல வருஷத்துக்கு ரெண்டு கிலோ போலதான் ஏறும், அதனால பசியும் தானா கொறையும், ஒரு வயசுல கிண்ணத்த காலி பண்ண புள்ள இப்ப நாலு வாயோட எந்திரிச்சு ஓடுதேன்னு நெறைய வீட்ல பயந்து போறது இதனாலதான்.

எனக்கு கவலை அந்த பால்தான். டம்ளர் 200 மில்லின்னு வெச்சாலும் 600 ஆச்சு, இந்த வயசுக்கு 400, 500 போதும். வயிறு பால்லயே ரொம்பிட்டா சோத்துக்கு எடம் ஏது? பால்ல இரும்புச்சத்தும் ரொம்ப கம்மி, சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்கறதையும் அது கொறைக்கும், ரத்தசோகை வந்துட்டா பசி இன்னும் செத்துடும். சாயங்கால பால நிறுத்திட்டு வாழைப்பழமோ, மசிச்ச சுண்டலோ குடு.

அடுத்து போன். கண்ணு ஸ்கிரீன்ல இருந்தா வாயில என்ன போகுது, வயிறு ரொம்பிச்சா இல்லையான்னே புள்ளைக்கு தெரியாது. 2 வயசுலருந்து 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்த தாண்டக்கூடாதுன்னு இந்திய குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் சொல்லுது, உங்க வீட்ல சாப்பாட்டுக்கே மூணு மணி நேரம் ஓடுது. கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கலாம்னு பாக்காத, சாப்பாட்டு நேரத்துல அடியோட நிறுத்திடு. மொத சில நாள் கத்துவா, தட்ட தள்ளுவா, மனச கல்லாக்கிக்கோ. எல்லாரும் ஒண்ணா உக்காருங்க, அவளுக்குன்னு ஒரு சின்ன தட்டு, ஒரு உருண்டை பருப்பு சாதம், ஒரு துண்டு முட்டை, போதும். அவளே பிசையட்டும், பாதி தரைக்கு போகும், போகட்டும். 20 நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணி, தட்ட எடுத்துடு, கெஞ்சவும் வேணாம் திட்டவும் வேணாம். அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட், சிப்ஸ் கண்ணுலயே காட்டாத. வீட்டுக்காரரும் தட்டு முன்னாடி போன நோண்டக்கூடாது, இத நீதான் சொல்லணும்.

அத்தைகிட்ட சண்டைக்கு போகாத. அங்கன்வாடில எடை போட்டு அட்டைல குறிப்பாங்க, கூட்டிட்டுப்போய் அந்த கோடு மேல ஏறுறத அவங்க கண்ணாலயே பாக்க வை. பூச்சி மாத்திரையும் அங்கயே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சும்மா குடுப்பாங்க, விட்டுடாத. எடை ஏறவே இல்ல, மொகம் வெளுத்திருக்கு, மண்ணு, சாக்பீஸ் திங்கறான்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணிடு.

என் பையனுக்கு அஞ்சு வயசு ஆகியும் ராத்திரி படுக்கையில ஒண்ணுக்கு போறான். அவங்கப்பா அடிக்கிறாரு.
- வாசகி, அரியலூர்

மொதல்ல அடிக்கறத நிறுத்த சொல்லுங்க. அவன் வேணும்னு பண்ணல, தூக்கத்துல அவனுக்கு தெரியவே தெரியாது, அஞ்சு வயசுல இது நெறைய புள்ளைங்களுக்கு இருக்கு, வளர வளர சரியாகும். பகல்ல நல்லா தண்ணி குடிக்கட்டும், படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திட்டு, பாத்ரூம் போயிட்டு படுக்கட்டும். மலச்சிக்கல் இருந்தாலும் இப்படி ஆகும், அதையும் கவனிங்க. ஆறு மாசத்துக்கு மேல நின்னிருந்து திரும்ப ஆரம்பிச்சாலோ, எரிச்சல்னு சொன்னாலோ, தண்ணி தாகம் அதிகமா இருந்தாலோ டாக்டர பாத்துடுங்க.